எண்ணெய் கேட்டு அமர்ந்தவர்கள்

மேனிக்குத் தாவர எண்ணெய் பூசும் வழக்கத்தின் வரலாற்றைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் எகிப்துக்குச் செல்வர். சென்றதும் கிளியோபாத்ராவின் வாயிலில் நின்றுவிடுவர். நாம் அந்த அரண்மனையைக் கடந்து, கல் வெட்டியவர்களின் ஊருக்குப் போவோம்.

நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, தெயிர் எல்-மதீனா என்னும் சிற்றூரின் இடிபாடுகள் உள்ளன. மன்னர்களின் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கல்லறைகள் சமைத்த கைவினைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. நாணயம் இல்லாத காலம். தொழிலாளி ஒருவருக்கு மாதக் கூலி 4 'கர்' கோதுமை, ஒன்றரை 'கர்' வாற்கோதுமை. ஒரு கர் ஏறத்தாழ 77 லிட்டர். மீன், காய்கறி, விறகு, துணி, எண்ணெய்ப் பூச்சு ஆகியவற்றையும் அரசே அளிக்க வேண்டும்.

மூன்றாம் ராம்செஸ் மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் கி.மு. 1157-இல், கூலி வரவில்லை. தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்தார்கள். காவல் எல்லைகளைக் கடந்து சென்று மூன்றாம் துத்மோசின் நினைவுக் கோயிலின் பின்புறம் அமர்ந்தார்கள். நமக்குக் கிடைத்துள்ள பதிவுகளில் உலகின் முதல் வேலைநிறுத்தம் இதுவே. இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிரஸ் சுவடி அவர்களின் முறையீட்டைக் காத்து வைத்திருக்கிறது. பசியும் தாகமும் தங்களை அங்கே கொண்டுவந்தன என்கிறார்கள். பிறகு இல்லாதவற்றை அடுக்குகிறார்கள்: உடை, எண்ணெய்ப் பூச்சு, மீன், காய்கறி.

வாசகர்கள் இவ்வரிசையைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம். பட்டினி கிடப்பவர்கள் மீனுக்கு முன்பாக எண்ணெயைச் சொல்கிறார்கள். பாலைக் காற்றிலும் பாறைத் தூசியிலும் நாளெல்லாம் உழைப்பவனுக்குத் தோல் வெடிக்காமல் இருப்பது ஆடம்பரமன்று. உடையைப் போல அதுவும் மானத்தோடு வாழத் தேவையானது என்றே நாம் இதனைப் புரிந்துகொள்கிறோம்.

உழைப்பவரின் எண்ணெய் எது என்பதைப் பிற்காலக் கிரேக்கர்கள் கூறுகின்றனர். சதுப்பு நிலத்து எகிப்தியர் 'கிகி' என்னும் எண்ணெயைப் பயன்படுத்தினர் என்றும், அதன் மணம் இனியதன்று என்றும் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். நம் ஆமணக்கின் எண்ணெய்தான் அது.

கி.மு. 259-இல் இரண்டாம் தாலமியின் அரசு எண்ணெயைத் தன் தனியுரிமையாக்கிச் சட்டம் வகுத்தது. எள், ஆமணக்கு, குசும்பா, ஆளி ஆகியவற்றின் சாகுபடிக்கும் விற்பனைக்கும் அரசே விதி எழுதிற்று. ஆட்டாத காலத்தில் செக்குகளுக்கு முத்திரையிடப்பட்டது. எண்ணெய் ஆட்டுவோர் தம் மாவட்டத்தை விட்டு வேறிடம் பெயரவும் தடை இருந்தது. ஒரு காலத்தில் உழைப்பவர் உரிமையாய்க் கேட்டுப் பெற்ற பண்டம், இப்போது அரசனின் கருவூலத்தை நிரப்பியது.

ஆயினும் வழக்கம் அழியவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் பயணம் செய்த ஸ்ட்ராபோ ஒரு செய்தி தருகிறார்: ஆமணக்கெண்ணெயை நாட்டில் அனேகமாக எல்லோரும் விளக்கெரிக்கிறார்கள், ஏழைகளும் கடும் உழைப்பாளிகளும், ஆண் பெண் இருபாலரும், அதையே உடம்பிலும் பூசுகிறார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு சொல் நினைவில் எழுந்தது. ஆமணக்கின் எண்ணெய்க்குத் தமிழன் இட்ட பெயர் விளக்கெண்ணெய். பெயரில் விளக்கு, ஆனால் நம் பாட்டிமார் அதைத் தேய்த்தது உச்சந்தலையிலும் வெடித்த பாதங்களிலும். இரு நாட்டு எளியோரும் ஒரே விதையிலிருந்து வீட்டுக்கு ஒளியும் தோலுக்கு இதமும் பெற்றிருக்கிறார்கள்.

கல்லறைக்குள் கிடந்த அரசர்களின் நறுமணக் குப்பிகள் கண்ணாடிப் பேழைகளில் காட்சிக்கு உள்ளன. எண்ணெய் இல்லை என்று அமர்ந்தவர்களுக்கோ ஒரு சுவடி மட்டுமே மிஞ்சியது. அடுத்த முறை உள்ளங்கையில் சில துளி எண்ணெயை ஊற்றும்போது, அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.