காற்று ரிவால்வரின் விசை இயக்கம்

காற்று ரிவால்வர் என்பது ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட், வெப்லி போன்ற பெயர்பெற்ற சுழல் கைத்துப்பாக்கிகளின் உருவத்தில் செய்யப்பட்டு, வெடிமருந்து இல்லாமல் வாயுவின் அழுத்தத்தால் 4.5 மில்லிமீட்டர் குண்டை எறியும் கருவி. பெரும்பாலானவற்றின் கைப்பிடிக்குள் 12 கிராம் கரியமில வாயு அடைத்த எஃகுக் குப்பி இருக்கும். குண்டு ஈயத்தால் ஆன பெல்லட்டாகவோ எஃகு உருண்டையாகவோ இருக்கும். இந்தக் கருவியின் விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதியை, பிசிறின்றிச் சீராக இயங்க வைக்கும் வேலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் நுட்பமான பட்டறைக் கலை. அந்தக் கலை தேடுவது லேசான விசையை அல்ல, ஒரே சீரான விசையை. இந்த வேறுபாடு புரியாமல் செய்யப்படும் திருத்தம் கருவியைக் கெடுக்கும். சில வேளைகளில் ஆபத்தானதாகவும் ஆக்கிவிடும்.

சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கை அடுத்துள்ள செமினியில் இருப்பவருக்கு இதில் மேலும் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, இங்குள்ள வெப்பம் கரியமில வாயுவிடம் காட்டும் வேலை. மற்றொன்று, மலேசியச் சட்டம் காற்றுத் துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாகக் கருதுவதில்லை என்பது.

தோற்றம்

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அதன் பிறகே விசைக்கு வேலை. இதற்கு ஒற்றைச் செயல் முறை என்று பெயர். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் வைத்த ரிவால்வரில் நிலைமை தலைகீழ். விசையை நீளமாக இழுத்தால் சுத்தியல் தானே எழும்பி விழும். கட்டைவிரலுக்கு இடமே இல்லை. 1856இல் பிரிட்டிஷ் அதிகாரி பிரடெரிக் பியூமண்ட் இரண்டையும் ஒரே கருவியில் இணைத்துக் காப்புரிமை பெற்றார். இன்றைய இரட்டைச் செயல் ரிவால்வர்கள் அந்த வழியில் வந்தவை.

வாயுவால் இயங்கும் உருநகல்கள் பிற்காலத்தவை. அமெரிக்காவின் கிராஸ்மன் நிறுவனம் 1960களில் 38 என்ற எண்ணில் கரியமில வாயு ரிவால்வர்களைக் கொண்டுவந்தது. 1972இல் தொடங்கப்பட்ட ஜெர்மனியின் உமாரெக்ஸ், பத்துக் குண்டு கொள்ளும் ஸ்மித் அண்ட் வெசன் 586இன் நகலைச் செய்தது. டென்மார்க்கின் ஆக்ஷன் ஸ்போர்ட் கேம்ஸ் நிறுவனத்தின் டான் வெசன் நகலில் ஆறு போலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் பயன்பட்ட வெப்லி மார்க் 6க்கும் வாயு நகல் உண்டு.

விசையின் உள்ளே

இரட்டைச் செயலில் ஒரே விரல் அசைவு நான்கு வேலைகளைச் செய்கிறது. சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி முதன்மை ஸ்பிரிங்கை அமுக்குகிறது. சிறு நகம் போன்ற ஒரு துண்டை மேலே தூக்கிச் சிலிண்டரைச் சுழற்றுகிறது. அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும் ஒரு தடைக்கட்டை சிலிண்டரின் வெட்டில் விழுந்து அதைப் பூட்டுகிறது. கடைசியில் சுத்தியல் விடுபட்டுப் பாய்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் அந்தச் சுத்தியல் தோட்டாவின் அடியைத் தட்டும். காற்று ரிவால்வரில் அது வால்வின் தண்டைத் தட்டி, ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வாயுவைத் திறந்துவிடுகிறது.

இந்த நான்கு வேலைகளிலும் உராய்வு இருக்கிறது. உருநகல்களில் இன்னொரு சுமையும் சேரும். வாயு கசியாமல் இருக்க, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் ஒரு ரப்பர் வளையமோ ஸ்பிரிங் தாங்கிய முகப்போ அழுத்தியபடி நிற்கும். சிலிண்டர் அதை உரசிக்கொண்டே சுழல வேண்டும். எனவே விசை கனமாக இருப்பதற்கு முதன்மை ஸ்பிரிங் மட்டுமே காரணம் என்று எண்ணுவது தவறு.

நல்ல விசையின் இலக்கணம்

விசையை ஆராய்பவர்கள் ஐந்து அம்சங்களைத் தனித்தனியே பார்க்கிறார்கள். எடை: விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம், கிராமில் அளக்கப்படுவது. ஓட்டம்: விரல் பயணிக்கும் தூரம். ஏற்றம்: இழுப்பின் கடைசிப் பகுதியில் எடை திடீரெனக் கூடுவது. அரைப்பு: மணல் கலந்ததுபோல் நறநறவென்று உணரப்படும் உராய்வு. மிகையோட்டம்: சுத்தியல் விடுபட்ட பிறகும் விசை பின்னுக்குப் போகும் வெற்றுத் தூரம்.

நடைமுறையில் குறி தவறுவதற்கு இவற்றுள் பெரும்பாலும் ஏற்றமும் அரைப்புமே காரணம். எடை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருந்தால், நான்கு கிலோ இழுப்பைக்கூடக் கை பழகிக்கொள்ளும். நடுவில் ஒரு தடங்கல் வந்தால் இரண்டு கிலோ இழுப்பிலும் குழல்முனை ஆடிவிடும். ஒற்றைச் செயலில் சுத்தியல் முன்பே நிறுத்தப்பட்டிருப்பதால் இழுப்பு குறுகியது, எடையும் வெகுவாகக் குறைவு. அங்கே முதலில் தெரியும் குறை மிகையோட்டம்தான்.

மெருகேற்றும் முறை

தேர்ந்த கைவினைஞர் கருவியைக் கழற்றுமுன் அளக்கிறார். விசை அளவியை விசையின் நடுவில் மாட்டி, பல முறை இழுத்து, சராசரியைக் குறித்துக்கொள்கிறார். கையேடு அனுமதித்தால் குண்டும் வாயுவும் இல்லாமல் நூற்றுக்கணக்கான முறை இழுத்துப் பார்ப்பதே முதல் திருத்தம். தொழிற்சாலைப் பிசிறுகளில் ஒரு பகுதி இதிலேயே தேய்ந்துபோகும். அடுத்தது சுத்தம் செய்வதும் எண்ணெயிடுவதும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மாலிப்டினம் கலந்த கிரீஸைக் கடுகளவு வைக்க வேண்டும். ரப்பர் வளையங்களுக்கு சிலிகோன் எண்ணெய் போதும். சில பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்து வாயுக்கசிவை உண்டாக்கும்.

அதன் பிறகே மெருகேற்றும் வேலை. இங்கே உருநகலின் உலோகத்தை அறிந்திருப்பது முக்கியம். உடலும் பல உள்துண்டுகளும் துத்தநாகத்தோடு அலுமினியமும் சிறிது தாமிரமும் மக்னீசியமும் கலந்த வார்ப்பால் ஆனவை. எஃகைவிட மிகவும் மென்மையானது அது. அரத்தை வைத்தால் நொடியில் அளவு மாறிவிடும். ஆகவே கண்ணாடித் தட்டின் மேல் ஆயிரம், இரண்டாயிரம் எண் உப்புத்தாளை விரித்து, சுத்தியலின் பக்கவாட்டையும் விசையின் பக்கவாட்டையும் மெல்ல உரசி எடுப்பார்கள். மேடுகள் மட்டும் போக வேண்டும், வடிவம் அப்படியே இருக்க வேண்டும். சட்டகத்தின் உட்சுவரில் கோடு விழுந்திருந்தால் துண்டு எங்கே உரசுகிறது என்பது தெரியும். அந்த இடத்தில் மட்டும் கை வைப்பார்கள்.

தொடவே கூடாத இடம் ஒன்று உண்டு: நிறுத்திய சுத்தியலை விசையின் முனை தாங்கிப் பிடிக்கும் வெட்டு. அதன் கோணம் சற்றே மாறினாலும், துப்பாக்கி கீழே விழும்போது அல்லது ஒரு தட்டுப்பட்டதும் தானே சுடும் நிலை வரும். மென்மையான வார்ப்பில் அந்த முனை தேயத் தொடங்கினால் தேய்மானம் நிற்காது. வேலை முடிந்ததும் குண்டில்லாத கருவியின் சுத்தியலை நிறுத்தி, கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்திப் பார்ப்பது வழக்கம். அது நழுவினால் அந்தத் துண்டுகளை மாற்றியே ஆக வேண்டும்.

வெப்பமும் வாயுவும்

விசையை எளிதாக்க எல்லோரும் முதலில் நாடுவது பலவீனமான முதன்மை ஸ்பிரிங்கை. செமினி அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வழி அதிகமாகத் தோற்கிறது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. குப்பிக்குள் கரியமில வாயு பெரும்பகுதி திரவமாகவே இருக்கும். 10 பாகை செல்சியஸில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 45 பார், 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்து, அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். செமினியின் பகல் வெப்பமோ ஆண்டு முழுவதும் 32, 33 பாகையைத் தொடுகிறது.

வால்வைத் திறக்க வேண்டிய சுத்தியல் இந்த அழுத்தத்தை எதிர்த்தே தட்ட வேண்டும். ஐரோப்பியக் கைவினைஞர் 20 பாகை அறையில் சரிபார்த்த ஸ்பிரிங், 30 பாகையில் கால் பங்கு கூடிய அழுத்தத்தைச் சந்திக்கிறது. அப்போது சுத்தியல் விழுந்தும் வால்வு திறக்காது, அல்லது அரைகுறையாகத் திறந்து குண்டு வலுவிழந்து குழலிலேயே சிக்கும். குழலில் ஒரு குண்டு நிற்க, அடுத்ததும் அதன் பின்னால் போய் மோதும். விசையை எளிதாக்க வைத்த ஸ்பிரிங் இப்படி ஆபத்தாக முடிகிறது. எனவே வெப்பநாடுகளில் முதன்மை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, உராய்வைக் குறைப்பதிலேயே கவனம் செலுத்துவது அறிவுடைமை. வெயிலில் நிறுத்திய காரில் குப்பியை விட்டுவைப்பதும் கூடாது.

ஈரப்பதமும் இப்பகுதிக்கே உரிய தொல்லை. எஃகு நகத்தையும் தடைக்கட்டையும் வெள்ளை கிரீஸின் மெல்லிய பூச்சின்றி வைத்தால் சில வாரங்களிலேயே அவற்றில் துரு படியும். அந்தத் துருவே நறநறப்பாக விரலுக்குத் தெரியும்.

சட்டம்

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற வரையறைக்குள் காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து அறிவிக்கப்பட்ட மலாயா அவசரகாலம் முடிவுக்கு வந்த ஆண்டில் பிறந்த சட்டம் அது. 1948 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் துப்பாக்கி நிழலில் வாழ்ந்த நாட்டுக்கு ஆயுதக் கட்டுப்பாடு இலேசான விஷயமாக இருக்கவில்லை. உரிமம் வழங்குவது மாநிலக் காவல்துறைத் தலைவரின் அதிகாரம். போலி ஆயுதம் வைத்திருப்பதும் இதே சட்டத்தின் 36ஆம் பிரிவில் குற்றம். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் போலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுவோருக்குச் சிறையும் பிரம்படியும் விதிக்கிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு உட்பட்டு ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்தவற்றைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் வாங்கலாம். சென்னையிலோ பெர்லினிலோ எடுத்த காணொளியைப் பார்த்து, இணையத்தில் உருநகல் வரவழைத்து, செமினி வீட்டு மேசையில் பிரித்துப் போடும் இளைஞர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு ஆளாகிறார். ஆர்வம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் சட்டம் அதைக் கேட்காது.

விளையாட்டுக் களம்

விசை நுட்பத்தைச் சட்டப்படி கற்க மலேசியாவில் வழி இருக்கிறது: துப்பாக்கி சுடும் விளையாட்டு. இதன் மையம் சுபாங்கில் உள்ள தேசியத் துப்பாக்கி சுடும் திடல். 2017 தென்கிழக்காசிய விளையாட்டின் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கே நடந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் களமிறங்கிய நூர் சுரியானி தைபி இந்நாட்டவர். காற்றுக் கைத்துப்பாக்கியில் ஜோனதன் வோங் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் மலேசியாவுக்காக ஆடினார். தமிழ்நாட்டின் கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவனும் 10 மீட்டர் காற்று ரைபிளில் அதே இரண்டு ஒலிம்பிக்கைக் கண்டவர்.

10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒரு முறைக்கு ஒரு குண்டுதான் இடலாம். அந்தக் கருவியில் முதல் கட்ட எடை, இரண்டாம் கட்ட எடை, மிகையோட்டம், விசையின் இருப்பிடம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. உப்புத்தாளுக்கு வேலை இல்லை. சிலவற்றில் விசையே மின்னணு முறையில் இயங்குகிறது. சுடுபவரின் உழைப்பு முழுவதும் கருவியின் சிறு பொறிகளை நம்பியிருக்கிறது என்பதை 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் உலகம் பார்த்தது. இந்தியாவின் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கிக் கோளாறால் பல நிமிடங்களை இழந்து, இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டு 12ஆம் இடத்தில் நின்றார். 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1,000 கிராம். சோதனையின்போது குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மேலே தூக்குவார்கள். விசை விடுபடாமல் கல் மேலெழ வேண்டும். மூன்று முயற்சி வரை அனுமதி. போட்டிக்குப் பிந்தைய சோதனையில் தேறாத துப்பாக்கியின் உரிமையாளர் தகுதி இழப்பார்.