கடிகாரம் வரையச் சொன்ன டாக்டர்

ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைக்குத் திடீரென்று புத்தி பேதலித்துவிட்டால், சொந்தபந்தம் கூடி இரண்டு திசைகளைக் காட்டும். வடக்கே போனால் திருச்சி தாண்டி, காவிரிக்கரைக் குணசீலம். பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வேண்டும். தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா. இதற்கெல்லாம் முன்னால் உள்ளூர்க் கோடாங்கியின் உடுக்கையும் வேப்பிலையும்! ஆஸ்பத்திரி..? அது கடைசியில்தான்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 'உள்ளே ஏதோ புகுந்துடுச்சு' என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, மருத்துவ விஞ்ஞானமும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சில பேர் விஷயத்தில் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. என்ன, புகுந்தது வெளி ஆசாமி இல்லை. நம்ம வீட்டுக் காவல்காரன்!

கிருமிகளை அடித்து விரட்ட நம் ரத்தத்தில் ஒரு படையே இருக்கிறது. அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கினால்? நூறு வருஷத்துக்கு முன்பு ஜெர்மன் மேதை பால் எர்லிக், அப்படி நடக்க இயற்கையே அஞ்சும் என்று நினைத்தார். ஆனால், நடக்கிறது. 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ விவரித்த தைராய்டு வியாதி அந்த ரகம்தான் என்பது 1956-ல் தெரிந்தது. நடுவில், 1949-ல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகள் என்று முத்திரை விழுந்த 14 பேரைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் தைராய்டு சுரப்பு குறைவு. மருந்து கொடுத்ததும் பெரும்பாலானோருக்குப் புத்தி தெளிந்துவிட்டது!

அடுத்து வந்தவர் கொஞ்சம் வில்லங்கமானவர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ராபர்ட் ஹீத். மனநோயாளிகளின் ரத்தத்திலிருந்து 'டராக்ஸின்' என்று ஒன்றைப் பிரித்து, சிறைக்கைதிகளுக்கு ஊசி போட்டார் (ஆமாம், கைதிகளுக்கு!). அவர்களும் பிதற்றினார்கள் என்றார். 1967-ல், மனச்சிதைவு நோயே உடம்பின் உள்நாட்டுக் கலவரம்தான் என்று அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது சரிவரவில்லை. அதோடு அந்தப் பேச்சையே பலர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

2007-ல்தான் திருப்பம். ஸ்பெயின் நாட்டுக்காரரான ஜோசப் டால்மாவ், அமெரிக்காவில் 12 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலில் மனம் தடுமாறியது, அப்புறம் வலிப்பு, அப்புறம் நினைவிழப்பு. பெரும்பாலானோருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி. அந்தக் கட்டிக்குள் மூளைத் திசுவைப் போன்ற திசு! கட்டியை எதிர்க்கக் கிளம்பிய படை, அப்படியே மூளைக்குள்ளும் போய், என்.எம்.டி.ஏ. என்கிற ஏற்பியைத் தாக்கியிருக்கிறது. இப்படிக் கட்டி இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பது பிறகு தெரிந்தது.

2009-ல் நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹலானுக்கு வந்தது அப்படித்தான். வயது 24. சந்தேகம், பிதற்றல், வலிப்பு. டெஸ்ட்டுக்கு மேல் டெஸ்ட் எடுத்தும் டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. சுஹேல் நஜ்ஜார் என்ற டாக்டர் வந்தார். ஒரு பேப்பரை நீட்டி, 'ஒரு கடிகாரம் வரைம்மா' என்றார். வரைந்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களும் வலது பாதியில். இடது பாதி காலி! மூளையின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து, எழுந்து வந்து 2012-ல் புத்தகமே எழுதினார் அந்தப் பெண்.

பெர்லின் மிருகக்காட்சி சாலையில் கூட்டத்தின் கண்ணெதிரே 2011-ல் செத்துப்போன பனிக்கரடி க்னூட் ஞாபகமிருக்கிறதா? அதற்கும் இதே வியாதிதான் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஏர்வாடிக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள். அவர்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்ததா? கேட்டுப் பயனில்லை. கண்டுபிடிக்கும் டெஸ்ட்டே அன்றைக்குக் கிடையாது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனநோய் எல்லாமே இதுவல்ல. இது சின்னப் பங்குதான். டென்மார்க்கில் 35 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்ததில், இந்த மாதிரி 'தன்னையே தாக்கும்' வியாதி வந்தவர்களுக்கு மனச்சோர்வு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு 45 சதவிகிதம் கூடுதல் என்று தெரிந்தது. கூடுதல் வாய்ப்புதான், கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. யாரும் டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

ஆனால், நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை சில வாரங்களுக்குள் அடியோடு மாறினால், முன்னால் காய்ச்சல், தலைவலி வந்திருந்தால், வலிப்பு, வாய் கோணுதல், உடம்பு விறைப்பு சேர்ந்துகொண்டால், நரம்பியல் டாக்டரிடம் போய்விட வேண்டும். முதுகுத்தண்டு நீரையும் ரத்தத்தையும் சோதித்து, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் என்று கொடுப்பார்கள்; கட்டி இருந்தால் எடுப்பார்கள். 2013-ல் வெளியான 577 நோயாளிகளின் கணக்கில், இரண்டு வருஷத்துக்குள் ஐந்தில் நாலு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தவர்கள்தான் அதில் அதிகம் தேறியவர்கள்.