மருந்துக்கு வழிதேடும் பெப்டைடு: திருத்தங்களின் வரலாறு



பூச்சோங்கில் நான் கற்பிக்கும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், காய்ச்சலிலிருந்து தேறி வந்த மாணவன் ஒருவன் அறிவியல் பாடவேளையில் எழுந்து நின்றான். "டீச்சர், நாம் விழுங்குகிற மருந்து எப்படி உயிரணுவுக்குள் போகும்?" என்று கேட்டான். "இரத்தத்தில் கலந்து எல்லா உயிரணுக்களுக்குள்ளும் தானாகவே நுழைந்துவிடும், தம்பி" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றிரவு வீட்டில் படித்துப் பார்த்தபோதுதான் நான் கூறியது தவறு என்று தெரிந்தது.

ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்புப் பொருளால் ஆகிய மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. சிறிய, கொழுப்பில் கரையக்கூடிய மருந்துகள் அதனூடே சென்றுவிடும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளோ வாசலிலேயே நின்றுவிடும். சில மருந்துகள் உள்ளே செல்லாமல் வெளியில் நின்றே வேலை செய்கின்றன. பெரிய மருந்தை உள்ளே சேர்ப்பிக்க அறிவியலாளர் தேடிய வழிகளுள் ஒன்றுதான் பெப்டைடு. அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோத்த சிறு தொடரே பெப்டைடு ஆகும். நீண்ட தொடரைப் புரதம் என்கிறோம்.

இத்தொடர்கள் எவ்வாறெல்லாம் வளைய இயலும் என்பதற்கு வரைபடம் தந்தவர் நம்மவர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1922-இல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து வெளியிட்டார்.

இதனை அனைவரும் அப்படியே ஏற்கவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955-இல் குறை கண்டனர். அவ்வமைப்பில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களின் வாதங்களுள் ஒன்று. இராமச்சந்திரன் அதனை அவமதிப்பாகக் கருதி ஒதுங்கிவிடவில்லை. 'அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்?' என்னும் கேள்வியை எழுப்பினார். அதுவரை அறியப்பட்ட படிகங்களின் அளவுகளைத் திரட்டி, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். தொடரின் ஒவ்வோர் இணைப்பிலும் உள்ள இரண்டு கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்று காட்டும் படத்தை 1963-இல் மூவரும் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என வழங்கும் அப்படம், ஒரு கண்டனத்துக்கு விடை தேடியதன் பயனாக விளைந்தது. புரதத்தின் வடிவத்தை ஆராய்வோர் தம் முடிவு சரியா என்று பார்க்க இன்றும் அதனோடுதான் ஒப்பிடுகின்றனர். இராமச்சந்திரன் 2001-இல் மறைந்தார்.

இனி வாசலைத் திறக்கும் பெப்டைடுக்கு வருவோம். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியில் 'டாட்' என்னும் புரதம் உண்டு. அது வெளியிலிருந்து உயிரணுவுக்குள் புக வல்லது என்பதை 1988-இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டனர். பழ ஈயின் புரதம் ஒன்றும் நரம்பணுவுக்குள் புகுவதை 1991-இல் பாரிசில் கண்டனர். 1994-இல் அப்புரதத்தின் 16 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டே நுழைவதற்குப் போதும் என்று தெரிந்தது. டாட் புரதத்திலிருந்து இன்று பெரிதும் பயன்படும் துண்டில் இருப்பவை 11 அமினோ அமிலங்கள். அவற்றுள் 8 நேர்மின்னேற்றம் கொண்டவை. இத்துண்டோடு மருந்தை இணைத்தால் அதுவும் உடன்செல்லும் என்பதே திட்டம்.

1997-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் விவேஸ், லெப்லே ஆகியோர் அடங்கிய குழு, டாட் துண்டு சவ்வை விரைவாகக் கடந்து உட்கரு வரை செல்கிறது என்று எழுதியது. குளிரிலும் அது உட்புகுவதாகத் தோன்றியதால், உயிரணுவின் ஆற்றல் இதற்குத் தேவையில்லை என்று பலரும் நம்பினர். ஆயினும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக உயிரணுக்களை வேதிப்பொருளால் பதப்படுத்தியிருந்தனர். அவ்வாறு பதப்படுத்தும்போதே வெளிச்சவ்வில் ஒட்டியிருந்த பெப்டைடு உள்ளே கசிந்துவிடுகிறது என்பது 2003-இல் வெளியானது. உயிரோடுள்ள உயிரணுவில் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. உயிரணுவே தன் சவ்வைக் குழித்துச் சிறு பைபோலாக்கிப் பெப்டைடை விழுங்குகிறது; அதற்கு ஆற்றல் தேவை. பைக்குள் அகப்பட்ட மருந்து வெளிவருவது எப்படி என்பது புதிய சிக்கலாயிற்று.

2003-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியோரின் பெயர்களைப் பாருங்கள். அங்கும் விவேசும் லெப்லேயும் இருக்கின்றனர்! தம் பழைய முடிவைத் தாமே மறுபரிசீலனை செய்து உலகறியத் திருத்தியவர்கள் அவர்கள்.

பயணம் இன்னும் முடியவில்லை. டாட் துண்டோடு இணைத்த 'நெரினெடைடு' என்னும் பக்கவாத மருந்தை 1,105 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஒட்டுமொத்தமாக எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களிடம் மட்டும் பயன் தென்பட்டது. அதனையும் ஒளிக்காமல் எழுதினர்; அடுத்த ஆய்வுக்கு அது வழியாயிற்று.

மறுவாரம் வகுப்பில், "சென்ற வாரம் நான் சொன்னது தவறு" என்று கூறிக் கரும்பலகையில் சவ்வை வரைந்து விளக்கினேன். வகுப்பு அமைதியாயிற்று. கேள்வி கேட்ட அதே மாணவன், "அப்படியானால் நானும் சோதனைத் தாளைத் திருத்தி எழுதிக் கொண்டு வரலாமா, டீச்சர்?" என்றான். அத்தனை நாளும் சிவப்பு மையில் நான் இட்ட வட்டங்களை அவன் முடிவுரையாகவே எண்ணியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெற்றோர்களே, பிள்ளையின் தேர்வுத்தாள் வீட்டுக்கு வரும்போது முதலில் புள்ளிகளைப் பார்க்கிறோம். அடுத்த முறை தவறான விடை ஒன்றைச் சுட்டி, "இதை எப்படி யோசித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களாகிய நாமும் நம் தவறை வகுப்பின் முன் ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டா. அம்மாணவன் திருத்திக் கொண்டுவந்த தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.