கடல்வழி வந்த அஸ்மா (ரலி) அவர்களின் கோபம்

ஹிஜ்ரீ 7ஆம் ஆண்டு. மதீனாவில் ஹஃப்ஸா (ரலி) அவர்களைக் காண ஒரு பெண்மணி வந்திருந்தார்கள். அவ்வேளையில் அங்கு நுழைந்த உமர் (ரலி) அவர்கள், இவர் யார் என்று தம் மகளிடம் வினவினார்கள். உமைஸின் மகள் அஸ்மா என்று பதில் வந்தது. ஹபஷாவிலிருந்து வந்தவரா, அந்தக் கடற்பயணியா என்று உமர் (ரலி) மீண்டும் கேட்டார்கள். ஆம் என்றார்கள் அஸ்மா (ரலி). ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திக்கொண்டோம், எனவே அல்லாஹ்வின் தூதரிடம் எங்களுக்கே உரிமை கூடுதல் என்ற பொருளில் உமர் (ரலி) கூற, அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தக் கோபத்தின் ஆழம் விளங்க வேண்டுமானால், நாம் ஏறத்தாழ 13 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மக்காவில் குறைஷியரின் கொடுமை எல்லை மீறியபோது, எவருக்கும் அநீதி இழைக்காத ஓர் அரசர் ஹபஷாவில் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டினார்கள். கி.பி. 615இல் சென்ற முதல் குழுவில் உஸ்மான் (ரலி) அவர்களும் அவர்களுடைய மனைவியும் நபிமகளுமான ருகையா (ரலி) அவர்களும் இருந்தனர். ஷுஐபா துறையில் நின்ற இரு வணிகக் கப்பல்களில் அரை தீனார் கட்டணத்தில் அவர்கள் ஏறினார்கள் என்றும், துரத்தி வந்த குறைஷியர் கரையை அடைந்தபோது கப்பல்கள் புறப்பட்டுவிட்டன என்றும் இப்னு ஸஅத் எழுதுகிறார். அடுத்துச் சென்ற பெரிய குழுவில் ஆண்கள் மட்டும் 80க்கும் மேல். நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையின் மகன் ஜஅஃபர் (ரலி) அவர்களும் மனைவி அஸ்மா (ரலி) அவர்களும் அக்குழுவினரே.

இருவரும் இளம் தம்பதியர். மக்கா வணிகத்தின் பெரும்பகுதி ஒட்டகத்தின் முதுகில் நடந்தது. கடல் அவர்களுக்குப் பழகிய பாதையன்று. செங்கடலோ பவளப்பாறைகள் மலிந்தது. அக்கடலில் ஓடிய மரக்கலங்களின் பலகைகளைப் பெரும்பாலும் ஆணியின்றிக் கயிற்றால் தைத்தே இணைத்தார்கள். (நம் சோழமண்டலக் கரையிலும் அத்தகைய தையல் படகுகள் அண்மைக்காலம் வரை அலையில் இறங்கின.) கரையேறியதும் பயணம் முடிந்துவிடவும் இல்லை. அக்ஸூம் அரசின் மையம் கடலோரத்தில் இல்லை. அது உயர்ந்த மலைநாடு. மொழி வேறு, உணவு வேறு, மார்க்கம் வேறு.

பின்னர் நடந்ததை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். அகதிகளைத் திரும்ப ஒப்படைக்குமாறு குறைஷித் தூதர்கள் தோல் பரிசுகளுடன் வந்து நின்றதும், நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) பேசியதும், மர்யம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களைக் கேட்டு மன்னர் கண்ணீர் வடித்ததும் மத்ரஸாவில் நாம் தவறாமல் சொல்லிக்கொடுப்பவை. பாடத்தை அந்த அவையோடு நிறுத்திவிடுவதும் நம் வழக்கமாகிவிட்டது. அது நம் குறைதான். அவையில் ஒரு நாள் பேச்சு நடந்தது. மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கேள்வி எழுந்து அதுவும் தீர்ந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளை யார் கடத்தியது?

அந்த மண்ணில்தான் அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என்னும் மூன்று ஆண்மக்களை அஸ்மா (ரலி) பெற்றெடுத்தார்கள். தாய்வீட்டார் அருகில்லை. பத்ரும் உஹுதும் அகழ்ப்போரும் அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தன. புதிதாக இறங்கிய வசனங்களைத் தூதரின் நாவிலிருந்து கேட்கும் வாய்ப்பு இல்லை. அன்னிய நாட்டில் குடும்பத்தோடு ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பியதும், நஜ்ஜாஷி இரு கப்பல்களில் அவர்களை ஏற்றி அனுப்பினார். யமனிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்டுக் கப்பல் திசைமாறி ஹபஷாவில் ஒதுங்கிய அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களும், அவர்களுடைய ஊரார் ஐம்பதுக்கும் மேற்பட்டோரும் உடன் வந்தார்கள். வந்து சேர்ந்தபோது கைபர் அப்போதுதான் வெற்றிகொள்ளப்பட்டிருந்தது. கைபரின் வெற்றியா, ஜஅஃபரின் வருகையா, எது தமக்குப் பெரிய மகிழ்ச்சி எனத் தெரியவில்லை என்று கூறும் அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள். போரில் கலந்துகொள்ளாத அந்தக் கப்பல்வாசிகளுக்கும் கைபரின் கனீமத்தில் பங்கு கிடைத்தது.

இப்போது ஹஃப்ஸா (ரலி) அவர்களின் இல்லத்துக்குத் திரும்புவோம். நீங்கள் தூதருடன் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு அறிவூட்டினார்கள். நாங்களோ தொலைவான, எங்களை விரும்பாத மண்ணில் அச்சத்தோடும் துன்பத்தோடும் அல்லாஹ்வுக்காகவே இருந்தோம் என்று அஸ்மா (ரலி) உமர் (ரலி) அவர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இதைத் தூதரிடம் கேட்கும்வரை உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்றும் சூளுரைத்தார்கள். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை அப்படியே சொல்வேன் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். கோபத்திலும் நேர்மை தவறாத இந்தச் சொல் நம்மைப் பலமுறை நிறுத்தி யோசிக்க வைத்திருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் வந்ததும் முறையிட்டார்கள். உமரும் அவருடைய தோழர்களும் செய்தது ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளாகிய உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று தீர்ப்பு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அபூமூஸா (ரலி) உள்ளிட்ட கப்பல்வாசிகள் கூட்டம் கூட்டமாக அஸ்மா (ரலி) அவர்களிடம் வந்து, அந்த வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அபூமூஸா (ரலி) மட்டுமே பலமுறை திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

தம்பதியர் மதீனாவில் சேர்ந்து வாழ்ந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். ஹிஜ்ரீ 8இல் மூத்தா களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். அன்று அஸ்மா (ரலி) மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து பிள்ளைகளை அருகழைத்து முகர்ந்தபோது கண்கள் கலங்கின. செய்தியைச் சொல்லிவிட்டு, துயரத்தில் இருக்கும் ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு தம் இல்லத்தாரிடம் பணித்தார்கள். மையித் வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு கொண்டுபோகும் நம் ஊர் வழக்கத்துக்கு ஆதாரம் இந்த வீடுதான்.

ஹபஷாவிலிருந்து அஸ்மா (ரலி) கொண்டுவந்த ஒன்றையும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பெண்ணின் ஜனாஸாவைத் துணியால் மட்டும் போர்த்தும்போது உடலின் வடிவம் தெரிகிறதே என்று ஃபாத்திமா (ரலி) அவர்கள் வருந்தினார்கள். ஹபஷாவில் தாம் கண்டதை அஸ்மா (ரலி) அவர்களுக்குச் செய்து காட்டினார்கள்: பச்சைப் பேரீச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்தினார்கள். அது ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அவர்கள் ஹிஜ்ரீ 11இல் வஃபாத்தானபோது, அவ்வாறே மூடப்பட்ட கட்டிலில் எடுத்துச் செல்லப்பட்டார்கள்.