துணைக்கு யார்? அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தெரிவும் ஊகமும்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளர் யாரென்று தெளிவான பிறகும், அதை முறைப்படி அறிவிக்கும் தேசிய மாநாடு கூடுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியில் ‘துணைக்கு யார்?’ என்ற கேள்விதான் செய்தித்தாள்களுக்குத் தீனி. இதை வெறும் வாய்ப்பந்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேட்பாளரின் ஆட்களே இதற்குத் தூபம் போடுகிறார்கள். அதில் அவர்களுக்கு ஆதாயமும் உண்டு. ஆனால் ஊகிப்பவர்கள் எடைபோடும் தகுதி ஒன்று, பதவி கேட்கும் தகுதி வேறொன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஊகத்துக்கு அவகாசம் வந்த வழி

தொடக்கத்தில் துணை வேட்பாளர் என்ற தனி ஆளே சட்டப்படி இல்லை. இரண்டாம் இடம் பிடித்தவர் துணை அதிபர். 1796இல் ஜான் ஆடம்ஸிடம் தோற்ற ஜெபர்சன் அவருக்கே துணையானார். 1800இல் ஜெபர்சனும் அவருடன் நின்ற ஆரன் பர்ரும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களிடம் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சிக்கல் முற்றியதால், 1804இல் வந்த அரசியலமைப்பின் 12ஆவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்றாக்கியது. அதன்பின் நெடுங்காலம் இந்த இடத்துக்கு ஆளைத் தேர்ந்தவர்கள் கட்சியின் பெருந்தலைகள். 1940இல் அதிபர் ரூஸ்வெல்ட், துணைக்கு ஹென்றி வாலஸ்தான் வேண்டுமென்று அடம்பிடித்து, தெரிவைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்.

1972 முதல் உட்கட்சித் தேர்தல்களே வேட்பாளரை முடிவு செய்யத் தொடங்கின. மாநாட்டில் முடிவாக வேண்டிய பெயர், பல முறை வசந்த காலத்திலேயே உறுதியாகிவிட்டது. ஊகப் பருவம் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

3. ஈகிள்டன் விவகாரம்

1972 ஜூலையில் மயாமி பீச்சில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மக்கவர்ன் துணைக்குக் கேட்ட முக்கியப் புள்ளிகள் மறுத்துவிட்டார்கள். பெயர் தர வேண்டிய கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குத் தொலைபேசி போனது. மறைக்க ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார் அவர். மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதும் சில நாள்களில் வெளியே வந்தன. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்பதாகச் சொன்ன மக்கவர்னே பிறகு அவரைக் கழற்றிவிட்டார். மொத்தம் 18 நாள் வேட்பாளர்.

இந்தச் சூட்டை யாரும் மறக்கவில்லை. 1976இல் ஜிம்மி கார்ட்டர் நிதானமாகப் பெயர்களை அலசினார். சிலரை ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸில் இருந்த தம் வீட்டுக்கே அழைத்துப் பேசி, முடிவில் வால்டர் மாண்டேலைத் தேர்ந்தார். வரிக்கணக்கு, உடல்நிலை, பழைய பேச்சு என்று குடைந்தெடுக்கும் பின்புல ஆய்வு வழக்கமாயிற்று. ஊகமும் இதற்குக் கைகொடுக்கிறது. ஒரு பெயரைக் கசியவிட்டால் போதும், குறைகளை நிருபர்கள் செலவில்லாமல் தோண்டித் தந்துவிடுவார்கள். பட்டியலில் பெயர் வந்த தலைவரின் ஆதரவாளர்களுக்கும் உச்சி குளிரும். பதவி கிடைக்காவிட்டாலும் மரியாதை மிச்சம்.

4. சொந்த மாநிலக் கணக்கு

‘இவர் வந்தால் எந்த மாநிலம் வரும்?’ என்பதே ஊகிப்பவர்களின் முதல் கேள்வி. 1960இல் கென்னடி லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு டெக்சஸை வென்றதுதான் இதற்கு மூலச் சான்று. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மற்றவற்றை யாரும் காட்டுவதில்லை. 1988இல் டெக்சஸின் பென்ட்சன் இருந்தும் டுகாகிஸ் அங்கே தோற்றார். 2004இல் எட்வர்ட்ஸால் வட கரோலினா வரவில்லை. 2012இல் பால் ரயனால் விஸ்கான்சினும் வரவில்லை. அரசியல் அறிஞர்கள் டெவின், கோப்கோ இருவரும் தரவுகளை அலசி, சொந்த மாநில ஆதாயம் பொதுவாக மிகச் சொற்பம் என்றே முடிவு கண்டார்கள்.

5. துப்புகள்

ஊகங்கள் பலமுறை குப்புற விழுந்தன. 2004இல் நியூயார்க் போஸ்ட், கெப்ஹார்ட் தெரிவானார் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்தது. அன்று காலை அதிபர் வேட்பாளர் கெர்ரி அறிவித்ததோ எட்வர்ட்ஸை. உண்மையைக் காட்டிக்கொடுத்தவை சின்னச் சின்னத் தடயங்கள். 2000இல் புஷ்ஷுக்குத் துணை தேடும் பொறுப்பு டிக் செனியிடம் இருந்தது. அவர் திடீரென்று டெக்சஸிலிருந்த தம் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றினார். புஷ்ஷும் டெக்சஸ்காரர். ஒரு மாநிலத் தேர்வாளர்கள் தம் மாநிலத்தார் இருவருக்கு வாக்களிக்க முடியாது என்பது 12ஆவது திருத்தம்; விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு படிவமே போதும்.

2020 ஜூலை 28 அன்று பைடன் கையிலிருந்த குறிப்புத்தாளைப் படமெடுத்தார் ஒரு புகைப்படக்காரர். மேலே கமலா ஹாரிஸின் பெயர். அதன் கீழ், மனத்தாங்கல் வைத்துக்கொள்வதில்லை என்ற பொருளில் ஒரு வரி. முந்தைய ஆண்டு விவாத மேடையில் ஹாரிஸ் அவரை வறுத்தெடுத்திருந்தார். இரண்டே வாரத்தில் ஹாரிஸ்தான் துணை வேட்பாளர் என்ற அறிவிப்பு வந்தது. மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம் செய்தியாளர்களால் நிறைந்தது. ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர் என்பதற்கு மேல் அங்கே எழுத அதிகம் இல்லை. எழுதத்தான் செய்தார்கள்.

6. கேட்கப்படாத கேள்வி

இதுவரை ஒன்பது துணை அதிபர்கள், முன்னவரின் மரணத்தாலோ விலகலாலோ இடைநடுவே அதிபரானார்கள். ஆனால் ‘இவர் அதிபராகத் தகுந்தவரா?’ என்பதைப் பட்டியல் போடுவோர் கடைசியில்தான் கேட்கிறார்கள். 1944இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை அறிந்த கட்சித் தலைவர்கள், வாலஸ் அடுத்த அதிபராகிவிடுவார் என்று அஞ்சியே ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அத்தனை முன்யோசனை இருந்தும், வென்றபின் அவரை அரசின் ரகசியங்களுக்கு அருகில் யாரும் சேர்க்கவில்லை. 82 நாள் துணை அதிபராக இருந்த ட்ரூமன், 1945 ஏப்ரல் 12இல் பதவிப் பிரமாணம் எடுத்தார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது ஏப்ரல் 25இல்.