குழாய்க்காரரின் கெட்ட கனவு

பழைய மோட்டார் சைக்கிள்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதுகின்றனர். எண்ணெய் எவ்வழியே ஓடியது என்று கேட்போர் அரிது. இம்முறை நாம் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

1934-இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில், விலைக்கு வாங்கிப் பொருத்திய எஞ்சின்கள் கைவிட்டதும், இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் இயங்கிய வின்சென்ட் எச்.ஆர்.டி. நிறுவனம் சொந்த எஞ்சின் செய்யத் தீர்மானித்தது. பிலிப் வின்சென்ட்டும் ஆஸ்திரேலியரான பில் இர்விங்கும் சில மாதங்களில் 499 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை உருவாக்கினர். பின்னர் ஒருநாள் அதன் வரைபடத் தாள்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததைக் கண்டு இர்விங்குக்கு இரட்டைச் சிலிண்டர் யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். 1936-இல் வெளிவந்த 998 சிசி ராப்பைடின் சிலிண்டர்களுக்கு இடையே 47 பாகைக் கோணம். தேர்ந்த கோணமன்று அது. இருந்த வரைபடம் கொடுத்த கோணம்.

எண்ணெய் வழியும் அவ்வாறே அமைந்தது. வார்ப்புக்குள் துளையிட்டு வழி செய்யாமல், எஞ்சினுக்கு வெளியே குழாய்களை வளைத்து வளைத்துக் கொண்டுசென்றார்கள். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பட்டப்பெயரே நம் தலைப்பு. கேலிதான், ஆயினும் சற்றே அநியாயமான கேலி என்பது எங்கள் எண்ணம். வெளியே ஓடும் குழாயில் கசிவு உடனே கண்ணில் படும். அடைப்பு என்றால் அதை மட்டும் கழற்றலாம். (நம்மூர்ப் பழைய புல்லட்டிலும் ராக்கருக்கு எண்ணெய் ஏற்றும் குழாய் வெளியேதானே ஓடியது?)

இடர் வேறிடத்தில் இருந்தது. செம்பு, அதிர்வில் நாளடைவில் இறுகி விறைத்துப்போகும் உலோகம். இறுக்கிப் பூட்டிய குழாய், இணைப்பின் கழுத்தருகே மயிரிழை போல விரியும். பின்சக்கரத்தில் எண்ணெய் வழிந்தால் வண்டி சறுக்கும். எண்ணெய் வற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயோ ஒரே இறக்கமாக வர வேண்டும். நடுவில் மேடிட்டால் காற்று அங்கே தங்கி எண்ணெயை மறிக்கும்.

போருக்குப் பின், 1946-இல் வந்த பி வரிசையில் கோணம் 50 பாகையாயிற்று. வண்டியின் முதுகெலும்பான பெட்டிச்சட்டமே எண்ணெய்த் தொட்டியாயிற்று. குழாய்களில் பெரும்பாலானவை உள்ளே மறைந்தன. ராக்கருக்குச் செல்பவை வெளியே எஞ்சின.

போருக்கு முந்தைய ராப்பைடுகள் ஏறத்தாழ 80 மட்டுமே செய்யப்பட்டன. ஆகவே ஒன்றைப் புதுப்பிப்பவருக்குச் சங்கடம் உண்டு. எஃகுப் பின்னல் உறையிட்ட இக்கால ரப்பர்க் குழாய்களைப் போட்டால் அச்சமின்றி ஓட்டலாம். ஆனால் 1936-இன் அவசரத்துக்கும் துணிவுக்கும் சாட்சியான வடிவம் போய்விடும். விறைத்த பழைய குழாயையே வைத்துக்கொள்வதும் பக்தியாகுமேயன்றி அறிவாகாது. புதிய செம்புக் குழாயைச் செந்நிறம் காணச் சூடாக்கி, ஆறவிட்டு, மெத்தென்றான பின் பழைய வளைவுகளிலேயே வளைத்து, புகைபோக்கிக்கு விலக்கி, அதிர்வுக்குக் கொஞ்சம் நெகிழ்வும் விட்டுப் பொருத்துவோர் பக்கமே நாங்கள் நிற்கிறோம். குழாய் தேயும் பொருள். இர்விங் போட்டது அதன் வழி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மறுபடி கழற்றிச் சூடாக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.