டைன் நதிக்கரையில் ஒரு மஹல்லா

இங்கிலாந்தில் இஸ்லாம் வேரூன்றிய வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களையே முதலில் குறிப்பிடுவர். ஒன்று 1889-இல் எழுந்த வோக்கிங் பள்ளிவாசல். மற்றொன்று, ஏறத்தாழ அதே காலத்தில் வழக்கறிஞர் அப்துல்லாஹ் குவில்லியம் லிவர்பூலில் அமைத்த தொழுகைக்கூடம். இவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் அவற்றை விடவும் நம் உள்ளத்தைத் தொடுவது, கற்றவரோ செல்வரோ கூடி உருவாக்காத ஒரு சின்னஞ்சிறு குடியிருப்பின் கதை. வடகிழக்கு இங்கிலாந்தில், டைன் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக நகரில், லேகேட் என்ற பெயரால் அறியப்படும் சில தெருக்களின் கதை அது.

அங்கு முதலில் வந்திறங்கியவர்கள் யமன் நாட்டு ஏழை உழவர்கள். 1839-இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் முக்கியத் துறைமுகமாக ஏடன் மாறியது. மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கி வந்த இளைஞர்களுக்குக் கிடைத்தது, கப்பலின் அடித்தளத்தில் எரியும் உலைக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. பிறர் ஒதுங்கிய வேலை அது. அவர்களுள் சிலர் 1890-களில் டைன் நதிக்கரையில் தங்கத் தொடங்கினர்.

கப்பலிலிருந்து இறங்கிய அந்நியனுக்கு, அதுவும் கறுத்த நிறத்தவனுக்கு, அந்நகரில் எவர் அறை கொடுப்பார்? 1909-இல் அலீ ஸயீது என்னும் யமனியர், ஆற்றோரத்து ஹோல்பர்ன் பகுதியில் அரபு மாலுமிகளுக்கான முதல் தங்கும் விடுதியைத் திறந்தார். அவரைப் பின்பற்றிப் பிறரும் திறந்தனர். இவ்விடுதிகளை வெறும் உறங்கும் இடங்களாக எண்ணிவிடலாகாது. அங்கே ஹலால் உணவு சமைக்கப்பட்டது. தொழுவதற்கு இடம் இருந்தது. நோன்பும் பெருநாளும் கூட்டாகக் கழிந்தன. ஊருக்குக் கடிதம் எழுத ஆள் கிடைத்தது. கப்பல் கிடைக்காத மாதங்களில் விடுதிக்காரர் கடனுக்கே சோறு போட்டார். பள்ளிவாசல் கட்டடம் ஒன்று அந்நகரில் எழுவதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அடுப்பும் தொழுகைப் பாயும் ஒரே கூரையின் கீழ் இருந்த இவ்விடுதிகளே மஹல்லாவின் முதல் உருவம் என்பது நமது கருத்து.

முதல் உலகப் போரில் இம்மாலுமிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை ஓட்டினர். பகைவரின் தாக்குதலில் கடலோடு போனவர்கள் ஏராளம். போர் முடிந்த மறு ஆண்டே, 1919 பிப்ரவரியில், மில் டாம் என்னும் கப்பலாள் சேர்க்கும் இடத்தில் அவர்கள் மீது கலவரம் வெடித்தது. 1925-இல் வந்த ஓர் ஆணை, பிரிட்டிஷ் குடியுரிமைக்குச் சான்று காட்ட இயலாத நிறத்தவரான மாலுமிகளைக் காவல்துறையில் பதிந்துகொள்ளச் செய்தது. 1930-இல் வேலை தருவதற்குச் சுழற்சிமுறைப் பதிவு கொண்டுவரப்பட்டது. விடுதிக்காரர்கள் கையூட்டுப் பெற்றுக் கப்பலேற்றுகின்றனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய் என்று நாம் வாதாட மாட்டோம். ஆனால் அப்பதிவு அரபு, சோமாலி மாலுமிகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டதை எவ்வாறு நீதி என்பது? அவ்வாண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் மில் டாமில் மீண்டும் மோதல் மூண்டது. பலர் சிறை சென்றனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

இவையெல்லாம் நூல்களில் விரிவாகவே பதிவாகியுள்ளன. மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நமக்கோ வேறொரு கேள்வி மனத்தை உறுத்துகிறது. இம்மாலுமிகளுள் பலர் அவ்வூர்ப் பெண்களை மணந்தனர். கணவனுக்கு அரபு மொழி, மனைவிக்கு ஆங்கிலம். அவனோ ஆண்டின் பெரும்பகுதி கடலில். வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுப்பது யார்? விடுதியில் தொழுகை நடந்தது உண்மை; ஆனால் அது ஆண்களின் உலகம். தாய்க்கும் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை.

காயல்பட்டினமும் கீழக்கரையும் இப்பிரிவை நன்கறிந்த ஊர்கள். கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்ற ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாதபோதும், அங்கே தாய்மார்கள் அரபுத்தமிழ் நூல்களைப் படித்து மார்க்கம் அறிந்தனர். பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருந்தன. டைன் கரைப் பெண்ணுக்கு அப்படிப்பட்ட பாலம் எதுவும் இல்லை. தன் குடும்பத்தாரின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு, தான் அறியாத மார்க்கத்தில் பிள்ளை வளர்க்க வேண்டிய நிலை அவளுக்கு.

1930-களில் ஹோல்பர்னின் பாழடைந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அரபுக் குடும்பங்களை ஒரே இடத்தில் குடியமர்த்துவதா, பிறரோடு கலந்து வைப்பதா என்று நகர மன்றத்தில் வாதம் எழுந்தது. முடிவில் பெரும்பாலோர் சற்று மேலேயிருந்த லேகேட் பகுதிக்குப் பெயர்ந்தனர்.

அங்கேதான் 1936-இல் ஷெய்கு அப்துல்லாஹ் அலீ அல்ஹகீமி வந்து சேர்ந்தார். யமனில் பிறந்து, அல்ஜீரியாவின் ஷெய்கு அஹ்மத் அல்அலவியின் தரீக்காவைச் சார்ந்தவர். அவர் அமைத்த ஸாவியா, முன்னர் மதுக்கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது! கோப்பைகள் உருண்ட கூடத்தில் திக்ரு ஒலித்தது. அதனினும் பெரிதாக நாம் மதிப்பது, அவர் முதலில் எவரைக் கவனித்தார் என்பதே. மாலுமிகளின் மனைவியருக்கு மார்க்கம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் வகுப்பு தொடங்கினார். பெருநாளில் அவர்களைத் தெருவில் ஊர்வலமாக அழைத்துச் சென்றார். அதுவரை ஒளிந்து வாழ்ந்த மார்க்கம் வீதிக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அவர் கார்டிஃப் நகருக்குச் சென்றுவிட்டார். 1948-இல் அங்கிருந்து ‘அஸ்ஸலாம்’ என்னும் அரபுப் பத்திரிகையையும் நடத்தினார்.

பின்னர்க் கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. உலையள்ளும் வேலை மறைந்தது. விடுதிகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. தெருக்களில் குடும்பங்கள் மட்டும் எஞ்சின. 1970-களின் தொடக்கத்தில் லேகேட்டில் அல்அஸ்ஹர் பள்ளிவாசல் எழுந்தது.

1977 ஜூலையில், உலகக் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ அவ்வூர் வந்தபோது, தம் மனைவியுடன் அப்பள்ளிக்கே சென்று, தம் திருமணத்துக்குத் துஆ செய்யச் சொல்லிப் பெற்றுக்கொண்டார். அவரைக் காணத் தெரு நிறைய மக்கள் திரண்டனர். ஷெய்கு வந்த ஆண்டில் ஏழு வயதில் அலிஃப், பா எனத் தொடங்கிய ஒரு பிள்ளைக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.